தறிக்கூடத்திலும் காப்பித் தோட்டத்திலும் மன உளைச்சலை அளக்கப் போகிறவர்களுக்கு

சேலத்தில் நர்சிங் படிப்பவர்கள், சமூக மருத்துவ முதுநிலை மாணவர்கள், பெரியார் பல்கலைக்கழகத்தில் உளவியல் படிப்பவர்கள் என்று பலருடைய ஆய்வுத் தலைப்பில் ‘மன உளைச்சல்’ இடம்பிடித்துவிடுகிறது. தறித் தொழிலாளர்களின் மன உளைச்சல், சர்க்கரை நோயாளிகளின் மன உளைச்சல், நீட் எழுதப்போகும் பிள்ளைகளின் மன உளைச்சல். கைடு தலையாட்டியதும் கேள்வித்தாளை இணையத்தில் இறக்கி, இருநூறு ஜெராக்ஸ் போட்டு, அம்மாபேட்டைக்கோ கொண்டலாம்பட்டிக்கோ வண்டி ஏறிவிடுகிறார்கள். மிச்சத்தைக் கணக்குப் போடும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு தைரியம். புள்ளியியல் கணக்குப் போடும் எஸ்பிஎஸ்எஸ் மென்பொருள் எதையும் சரிசெய்து தராது. கடைசியில் நீங்கள் எழுதப்போகும் எண் தேறுமா தேறாதா என்பது யாரிடம், எந்த மாதத்தில், யார் பக்கத்தில் நிற்கும்போது கேட்டீர்கள் என்பதிலேயே பெரும்பாலும் முடிந்துவிடும். அதனால் இங்கே களத்துக்குத்தான் அதிக இடம், புள்ளியியலுக்குக் கொஞ்சம்.

முதலில், எதை அளக்கிறீர்கள்?

மன உளைச்சலை ஆய்வில் மூன்று வழியாகப் பிடிக்கிறார்கள். ஒன்று, வாழ்க்கையில் நடந்த சம்பவங்களை எண்ணுவது. 1967-ல் ஹோம்ஸ், ராஹே இருவரும் 43 சம்பவங்களைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்புக் கொடுத்தார்கள்: துணையின் மரணத்துக்கு 100, கல்யாணத்துக்கு 50 என்று. இரண்டு, உடம்பில் தேடுவது. உமிழ்நீரில் கார்டிசால் என்ற உளைச்சல் ஹார்மோனைப் பார்ப்பது இந்த வகை. மூன்றாவது, அந்த ஆள் தன் நிலைமையை எப்படி உணர்கிறார் என்று அவரிடமே கேட்பது.

மூன்றாவது ஏன் வேண்டும்? வெள்ளி விலை திடீரென்று ஏறி, செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு ஆர்டர் குறைகிறது என்று வையுங்கள். ஒரே பட்டறையில் இரண்டு பேர். ஒருவருக்கு முதலாளியிடம் வாங்கிய முன்பணம் பாக்கி, மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். இன்னொருவருக்கு ஊரில் கொஞ்சம் குச்சிக்கிழங்குக் காடு இருக்கிறது, மகன் சம்பாதிக்கிறான். சம்பவம் ஒன்றுதான், பாரம் ஒன்றல்ல. லாசரஸும் ஃபோக்மனும் வளர்த்த கோட்பாடு இதைத்தான் சொல்கிறது: வந்திருப்பது எவ்வளவு பெரிய சிக்கல், சமாளிக்கத் தன்னிடம் என்ன இருக்கிறது என்று மனிதர் போடும் கணக்கில்தான் உளைச்சல் பிறக்கிறது.

இந்தக் கணக்கை அளக்க ஷெல்டன் கோஹன், டாம் காமார்க், ராபின் மெர்மெல்ஸ்டீன் மூவரும் 1983-ல் வெளியிட்டதுதான் ‘உணரப்பட்ட மன உளைச்சல் அளவுகோல்’. சுருக்கமாக பிஎஸ்எஸ். எந்தச் சம்பவத்தையும் பெயர் சொல்லிக் கேட்காது. கடந்த ஒரு மாதத்தில் எதிர்பாராதது நடந்து கலங்கியது, முக்கியமானவை கைமீறிப் போவதாகத் தோன்றியது, சிரமங்கள் குவிந்து தாங்க முடியாமல் போனது எல்லாம் எத்தனை முறை என்று கேட்கும். பதில், ‘ஒருபோதும் இல்லை’ என்ற 0-விலிருந்து ‘மிக அடிக்கடி’ என்ற 4 வரை.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத வேறு கேள்வித்தாள்கள் உண்டு. பிஎச்க்யூ-9 மனச்சோர்வுக்கானது, கடந்த இரண்டு வாரங்களைக் கேட்பது. டாஸ்-21 மனச்சோர்வு, பதற்றம், உளைச்சல் மூன்றுக்கும் ஏழேழு கேள்வி வைத்து, கடந்த ஒரு வாரத்தைக் கேட்பது. ஜிஎச்க்யூ-12 பொதுவான மனநலத்தைச் சல்லடை போட்டுப் பார்ப்பது. பிஎச்க்யூ-9 கொடுத்துவிட்டு ‘உளைச்சல்’ என்று தலைப்பு வைத்தால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) முதல் கேள்வியே அதுவாகத்தான் வரும்.

எந்த வடிவம், எந்தத் தமிழ்

பிஎஸ்எஸ்ஸில் மூன்று வடிவங்கள்: 1983-ன் 14 கேள்வி வடிவம், 1988-ல் கோஹனும் வில்லியம்சனும் சுருக்கிய 10 கேள்வி வடிவம், தொலைபேசி ஆய்வுக்கு ஏற்ற 4 கேள்வி வடிவம். புதியவர்கள் யோசிக்கவே வேண்டாம், பத்துக் கேள்வி வடிவத்தை எடுங்கள். பதினான்கைவிட உள் ஒத்திசைவு (கேள்விகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போவது) நன்றாக இருக்கிறது, ஐந்து நிமிடத்தில் முடிகிறது, உலகம் முழுக்க இதையே பயன்படுத்துவதால் ஒப்பிடவும் வசதி. நான்கு கேள்வி வடிவம், பெரிய சர்வேயில் இடமில்லாதபோது மட்டும். லாப நோக்கமில்லாத கல்வி ஆய்வுக்குத் தடையில்லாமல் கிடைக்கும். ஆனாலும் உரிமை உள்ள படைப்பு என்பதால், பயன்படுத்தும் விதிமுறையைப் படித்து ஆய்வேட்டில் முறையாகக் குறிப்பிடுங்கள்.

தமிழாக்கத்தை நீங்களே உட்கார்ந்து ஒரே இரவில் செய்யாதீர்கள். ஏற்கெனவே சோதித்த தமிழ் வடிவம் கிடைக்கிறதா என்று தேடி, அதைச் செய்தவரிடம் அனுமதி கேளுங்கள். கிடைக்காவிட்டால் வழக்கமான பாதைதான்: இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழாக்கி, இரண்டையும் ஒன்றாக்கி, மூலத்தைப் பார்த்திராத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கி, ஒரு குழு உட்கார்ந்து ஒப்பிடுவது. இந்த வேலைக்குத் தமிழாசிரியர் ஒருவர் போதும் என்று நினைக்கிறார்கள். அவர் இருக்கட்டும், கூடவே தறி ஓட்டும் வீட்டிலிருந்து வந்த ஒருவரும் இருக்கட்டும்.

முடித்ததும் பத்துப் பதினைந்து பேரிடம் போட்டுப் பாருங்கள். மதிப்பெண்ணுக்காக அல்ல. ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்ன பிறகு, “இதுல என்ன கேக்கறோம்னு நெனச்சீங்க?” என்று கேளுங்கள். இதில் வெளியே வரும் சங்கதி எந்தப் புள்ளியியல் சோதனையிலும் வராது. ‘கட்டுப்பாட்டில் இருந்தது’ என்று எழுதினால் குடும்பக் கட்டுப்பாடு வரைக்கும் போகிறவர்கள் இருக்கலாம். மருத்துவமனை ஓபி வரிசையில் ‘அழுத்தம்’ என்றாலே கையை நீட்டிவிடுவார்கள், பிரஷர் பார்க்க.

இன்னொன்று. மூல அளவுகோல் குறைந்தது நடுநிலைப் பள்ளி அளவுக்காவது படித்தவர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. முதலில் சோதித்ததும் கல்லூரி மாணவர்களிடமும், புகைப்பழக்கத்தை விட முயன்ற ஒரு குழுவிடமும்தான். ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கும் ஐம்பது வயது அம்மாவிடம் அதே தாளை நீட்டும்போது இதை நினைவில் வையுங்கள்.

யார், எத்தனை பேர், எந்த மாதம்

எத்தனை பேர் வேண்டும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு. சராசரியை அளக்கும் ஆய்வு என்றால் 1.96-ன் (95 சதவீத நம்பிக்கைக்கான எண்) வர்க்கத்தை நியமவிலக்கத்தின் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) வர்க்கத்தால் பெருக்கி, நீங்கள் பொறுத்துக்கொள்ளும் பிழையின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். நியமவிலக்கம் 6.5 என்றும், இரண்டு பக்கமும் 1 மதிப்பெண் பிழை பரவாயில்லை என்றும் வைத்தால் 163 பேர். தெருத்தெருவாக, பட்டறை பட்டறையாகக் கொத்துக் கொத்தாக எடுப்பதாக இருந்தால் இது போதாது. ஒரே பட்டறைக்காரர்களின் பதில்கள் ஒன்றைப்போல் ஒன்று இருக்கும். அதற்காக 1.5-ஆல் பெருக்கினால் 245. பத்துப் பேரில் ஒருவர் மறுப்பார் என்று வைத்தால் 273. இந்த 6.5, 1.5 எல்லாம் கணக்கைக் காட்ட நான் வைத்தவை. உங்களுக்கான நியமவிலக்கத்தை உங்கள் மக்களைப் போன்றவர்களிடம் முன்பு நடந்த ஆய்விலிருந்தோ, உங்கள் முன்னோட்டத்திலிருந்தோ எடுங்கள்.

மாதத்தைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. அளவுகோல் கேட்பது கடந்த ஒரு மாதம். சேலத்தில் எல்லா மாதமும் ஒரே மாதிரியா? ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை வந்தால் நகரமே வேறு வேகத்தில் ஓடும். வீட்டுக்கு விருந்தாளிகள், கையில் செலவு. தீபாவளிக்கு முன்னால் கொலுசுப் பட்டறையிலும் இளம்பிள்ளைச் சேலைத் தறிகளிலும் ராத்திரி வேலை. ஜூனில் பள்ளிக் கட்டணம். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் நவம்பரிலிருந்து ஜனவரி வரை காப்பிப் பழம் பறிப்பு; அப்போது கூலி உண்டு, உடம்பு வலியும் உண்டு. பறிப்பு முடிந்தால் வலி குறைந்து, கூலியும் குறையும். எந்தக் காலத்தில் மனம் அதிகம் பாரமாக இருக்கும் என்று வெளியிலிருந்து ஊகிக்க முடியாது. அதைத்தானே அளக்கப் போகிறீர்கள்.

1983 கட்டுரையிலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. அதே ஆட்களிடம் இரண்டு நாள் கழித்துக் கேட்டபோது ஒட்டுறவு (இரண்டு முறை மதிப்பெண்களும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பது; முழுக்க ஒத்தால் 1) 0.85, ஆறு வாரம் கழித்து இன்னொரு குழுவிடம் கேட்டபோது 0.55. அளவுகோல் பழுது என்று இதற்குப் பொருளில்லை. உளைச்சலே நகரும் சரக்கு. ஆகவே ஒரு குழுவிடம் செப்டம்பரிலும் இன்னொரு குழுவிடம் டிசம்பரிலும் கேட்டுவிட்டு இரண்டையும் ஒப்பிடாதீர்கள். முடிந்தவரை ஒரே ஆறு வாரத்துக்குள் களவேலையை முடியுங்கள். அதற்கேற்ப ஆள் எண்ணிக்கையைக் குறைத்தாலும் தப்பில்லை என்பது என் கருத்து. கைடு ஒப்புக்கொள்ள மாட்டார், பேசிப் பாருங்கள்.

எத்திக்ஸ் கமிட்டி

கேள்விதானே கேட்கிறோம், ஊசியா போடுகிறோம் என்று நினைக்க வேண்டாம். மனித ஆய்வு எதுவானாலும் நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் முதலில். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதலைப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். சம்மதப் படிவம் தமிழில், ஒரு பக்கத்துக்குள், ‘நடுவில் நிறுத்தலாம், அதனால் உங்களுக்கு எந்தக் கெடுதலும் வராது’ என்ற வரி தடித்த எழுத்தில். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் சம்மதம், பிள்ளையின் இசைவு இரண்டும் வேண்டும்.

பிஎஸ்எஸ்ஸில் தற்கொலை பற்றிய கேள்வி இல்லை. ஆனால் பத்தாவது கேள்வியில் அழுதுவிடுகிறவர்கள் இருப்பார்கள். அப்போது தாளை மூடிவைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருங்கள். ஆலோசனை சொல்லக் கிளம்பாதீர்கள். பையில் ஒரு சின்னத் துண்டுச்சீட்டு இருக்கட்டும்: டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, தமிழ்நாடு அரசின் உதவி எண் 104, பக்கத்து அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருக்கும் கிழமை. உயிரை விடுவது பற்றி யாராவது பேசினால் யாருக்கு உடனே போன் செய்வது என்பதை களத்துக்குப் போவதற்கு முன்பே கைடிடம் கேட்டு எழுதி வையுங்கள். பிஎச்க்யூ-9-ம் சேர்த்துக் கொடுப்பவர்களுக்கு இது கட்டாயம். அதன் ஒன்பதாவது கேள்வியே அதுதான். அன்றைய தாள்களை அன்றைக்கே பார்க்க வேண்டும், மூன்று மாதம் கழித்து டேட்டா என்ட்ரியின்போது அல்ல.

களத்தில்

விசைத்தறிக் கூடத்துக்குள் பேச முடியாது. தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலே பாதிதான் கேட்கும். முதலாளி நல்லவர், ‘இங்கேயே கேளுங்க தம்பி’ என்று நாற்காலி போட்டுக் கொடுத்து, தானும் உட்கார்ந்துகொள்வார். முன்பணம் பாக்கி வைத்திருக்கும் ஒருவர் அவர் முன்னால், ‘எல்லாம் கைமீறிப் போகுதுங்க’ என்று சொல்வாரா? ஆகவே கூடத்துக்கு வெளியே, டீ நேரத்தில், அல்லது சாயங்காலம் வீட்டில். வீட்டில் மாமியார் இருக்கும்போது மருமகளிடம் கேட்பதிலும் இதே சிக்கல்தான். வாரக்கூலி கைக்கு வரும் நாளில் கேட்பதும், கை காலியான நாளில் கேட்பதும் ஒன்றாக இருக்காது என்பதால் கிழமையைத் தாளிலேயே குறியுங்கள்.

மலையில் வேறு ஏற்பாடு வேண்டும். ஏற்காடு வரை இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் பஸ்ஸில் போய்விடலாம். மலையாளிப் பழங்குடியினர் வசிக்கும் உள் கிராமங்களுக்கு ஜீப்போ நடையோதான். ஊர்ப் பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லாமல் போனால் மரியாதையாகத் தண்ணீர் கொடுப்பார்கள், பதில் கொடுக்க மாட்டார்கள். எஸ்டேட்டில் மேஸ்திரியை வைத்து ஆள் கூப்பிடாதீர்கள். அவர் கூப்பிட்டால் மறுக்க முடியாது. மறுக்க முடியாத இடத்தில் சம்மதக் கையெழுத்துக்கு மதிப்பில்லை.

படிக்கத் தெரிந்தவர்கள் தாங்களே எழுதட்டும், தெரியாதவர்களுக்கு நாம் வாசிப்போம் என்று கலந்துகட்டுவதும் வேண்டாம். ஆளிடம் வாய்விட்டுச் சொல்வது ஒரு பதில், தாளில் தனியாகக் குறிப்பது இன்னொரு பதில். எல்லோருக்கும் ஒரே முறை. தவிர்க்கவே முடியாவிட்டால் எது எப்படி என்று ஒவ்வொரு தாளிலும் குறித்து, கடைசியில் தனித்தனியாகவும் பாருங்கள்.

வாசித்துக் கேட்பது எப்படி நடக்கும் என்று கொஞ்சம் பார்ப்போம். சிவதாபுரம் பக்கம் ஒரு கொலுசுப் பட்டறை. மாணவி கேட்கிறார், கண்ணி கோத்துக்கொண்டே ஓர் அம்மா பதில் சொல்கிறார்.

“போன ஒரு மாசத்துல, எதிர்பாக்காம எதாச்சும் நடந்து மனசு கலங்கிப் போனது எத்தனை தடவைங்கம்மா?”

“அத எங்க கண்ணு எண்ணறது. பொழப்பே அப்படித்தான் போகுது.”

இந்த இடத்தில்தான் அவசரப்பட்டு 4 போட்டுவிடுகிறார்கள். அந்த அம்மா சொன்னது தன் வாழ்க்கையைப் பற்றி. கேள்வி ஒரு மாதத்தைப் பற்றி. திரும்பவும், பொறுமையாக:

“சரிங்கம்மா. ஆடிப் பதினெட்டுல இருந்து இன்னைக்கு வரைக்கும் மட்டும் நெனச்சுச் சொல்லுங்க. ஒரு தடவையும் இல்லீங்களா, எப்பவாச்சும் ஒண்ணு ரெண்டா, சில சமயமா, அடிக்கடியா, ரொம்ப அடிக்கடியா?”

“ஆடிப் பதினெட்டுக்கப்புறமா… சின்னவனுக்குக் காய்ச்சல் வந்தப்ப. அப்புறம் சீட்டுக்காரன் பணத்தோட போனப்ப. சில சமயம்னு போட்டுக்க கண்ணு.”

இப்போது 2. நான்குக்கும் இரண்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு பண்டிகைத் தேதி. ‘கடந்த 30 நாட்கள்’ என்று வாசிப்பதைவிட ஆடிப் பதினெட்டு, போன அமாவாசை, பள்ளிக்கூடம் திறந்த நாள் என்று எல்லோருக்கும் தெரிந்த ஒரு நாளைக் கட்டிவைத்துக் கேட்பது பலமடங்கு தெளிவு. எந்த நாள் என்பதை மாணவர்கள் எல்லோரும் முன்பே பேசி ஒன்றாக வைத்துக்கொள்ள வேண்டும், ஆளுக்கொரு பண்டிகை கூடாது.

ஐந்து பதில்களும் காதில் கேட்டு நினைவில் நிற்காது. ஓர் அட்டையில் ஐந்து டம்ளர் வரையலாம்; முதலாவது காலி, கடைசி தளும்பத் தளும்ப. விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். அட்டை பயன்படுத்தியதை ஆய்வேட்டில் எழுத மறக்கக் கூடாது, அதுவும் முறையில் செய்த மாற்றம்தான்.

4, 5, 7, 8 ஆகிய கேள்விகள் நல்லதைக் கேட்பவை: சொந்தப் பிரச்சினையைச் சமாளிக்கும் தைரியம் இருந்ததா, காரியங்கள் நினைத்தபடி நடந்தனவா, எரிச்சலை அடக்க முடிந்ததா, எல்லாம் கைக்குள் இருப்பதாகத் தோன்றியதா. மூன்று கெட்டதைக் கேட்டுவிட்டுச் சட்டென்று திசை மாறுவதால் பலர் பழைய வேகத்திலேயே பதில் சொல்லிவிடுவார்கள். நான்காவது கேள்விக்கு முன்னால் ஒரு மூச்சு நிறுத்துங்கள். கேள்வியை விளக்காதீர்கள், உதாரணம் கொடுக்காதீர்கள். மெதுவாகத் திரும்ப வாசியுங்கள், அவ்வளவுதான். நீங்கள் உதாரணமாகக் கடனைச் சொன்னால் அவர் கடனைப் பற்றி மட்டும் பதில் சொல்வார்.

மதிப்பெண் போடுதல்

அந்த நான்கு கேள்விகளையும் திருப்பிப் போட வேண்டும்: 4-லிருந்து பதிலைக் கழிக்க வேண்டும். ஒருவரின் பத்துப் பதில்கள் 3, 2, 4, 1, 2, 3, 2, 1, 3, 2 என்று வையுங்கள். நான்காவது 1, திருப்பினால் 3. ஐந்தாவதும் ஏழாவதும் 2, திருப்பினாலும் 2. எட்டாவது 1, அதுவும் 3 ஆகும். மொத்தம் 27. திருப்ப மறந்தால் 23. எக்செல்லில் மூலப் பதில்களை அப்படியே விட்டுவிட்டு, திருப்பியதற்குப் புதிய பத்தி போடுங்கள். அதே பத்தியில் மாற்றினால் இரண்டு முறை திருப்பிவிட்டோமா என்று பிறகு தெரியாது. பதில்களை 1 முதல் 5 என்று பதிந்திருந்தால் 6-லிருந்து கழிக்க வேண்டும், மொத்தமும் 0–40-க்குப் பதில் 10–50 ஆகிவிடும். பிற ஆய்வுகளோடு ஒப்பிடும்போது இந்தப் பத்து எங்கிருந்து வந்தது என்று திணற வேண்டாம், ஆரம்பத்திலேயே 0–4 வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, பலர் தாண்டிப்போகும் இடம். ஒருவர் எதையும் கேட்காமல் பத்துக்கும் ஒரே பதிலைச் சொல்லிவிட்டார். எல்லாம் 0 என்றால் மொத்தம் 16. எல்லாம் 1 என்றால் 18, எல்லாம் 2 என்றால் 20, எல்லாம் 3 என்றால் 22, எல்லாம் 4 என்றால் 24. இப்போது ஊரெல்லாம் புழங்கும் அந்தப் பிரிவை எடுங்கள்: 0–13 குறைவு, 14–26 மிதம், 27–40 அதிகம். எப்படிக் கவனமில்லாமல் பதில் சொன்னாலும் ‘மித உளைச்சல்’ பெட்டிக்குள் போய் விழும். ‘பெரும்பாலோருக்கு மிதமான உளைச்சல்’ என்று முடிக்கும் ஆய்வுகளைப் பார்க்கும்போது எனக்கு முதலில் வரும் சந்தேகம் இதுதான். மொத்தம் போடுவதற்கு முன்னால் பத்தும் ஒரே எண்ணாக உள்ள தாள்களை வடிகட்டிப் பாருங்கள். அவை எல்லாம் ஒரே மாணவர் எடுத்த தாள்களாக இருந்தால், சிக்கல் பதில் சொன்னவர்களிடம் இல்லை.

அந்த மூன்று பெட்டிகளையே விட்டுவிடுங்கள் என்பேன். பிஎஸ்எஸ் நோயைக் கண்டுபிடிக்கும் கருவி அல்ல, இத்தனைக்கு மேல் போனால் நோயாளி என்ற எல்லைக்கோடு அதில் கிடையாது. உருவாக்கியவர்களும் அப்படி எதையும் வகுக்கவில்லை. ஒரு குழுவை இன்னொரு குழுவோடு, ஒரு காலத்தை இன்னொரு காலத்தோடு ஒப்பிடுவதற்கான எண் அது. சராசரி, நியமவிலக்கம், பரவலைக் காட்டும் ஒரு படம் போதும். 26-க்கும் 27-க்கும் இடையே சுவர் எழுப்பி, ஒருவரை ‘மிதம்’, அடுத்தவரை ‘அதிகம்’ என்று பிரிப்பதில் தகவல் போகிறதே தவிர வரவில்லை. கமிட்டியில் யாராவது பெட்டி கேட்டே தீருவேன் என்றால், உங்கள் மாதிரியையே மூன்று சம பங்காகப் பிரித்து, அப்படிச் செய்ததைச் சொல்லிவிடுங்கள்.

உள் ஒத்திசைவுக்கு கிரான்பாக் ஆல்ஃபா பாருங்கள், 0.70-க்கு மேல் என்றால் பரவாயில்லை. 0.50-க்குக் கீழே வந்தால் பதறாமல் முதலில் திருப்ப மறந்தோமா என்று பாருங்கள். திருப்பியும் குறைவாகவே இருந்தால், அந்த நான்கு நல்ல கேள்விகளும் மற்ற ஆறோடு ஒட்டாமல் தனிக்கூட்டமாக நிற்கின்றனவா என்று பாருங்கள். பல மொழிகளில் இப்படி இரண்டு கூறாகப் பிரிவது பார்த்த விஷயம்தான்: ஒன்று கையாலாகாத உணர்வு, மற்றது சமாளிக்கும் நம்பிக்கை. அப்போது மொத்தத்தோடு இரண்டு துணை மதிப்பெண்களையும் தனியாகக் கொடுங்கள். ஒன்றிரண்டு பதில் விடுபட்டிருந்தால் மற்றவற்றின் சராசரியைப் போடலாம். அதற்கு மேல் விடுபட்ட தாளை ஒதுக்குங்கள்.

எழுதும்போது

ஒரே முறை கேட்ட ஆய்வில் ‘தறி வேலையால் உளைச்சல் ஏற்படுகிறது’ என்று எழுத முடியாது. அந்த வேலையில் இருப்பவர்களிடம் மதிப்பெண் கூடுதலாக இருந்தது என்று மட்டும் எழுதலாம். அமெரிக்காவில் 1983-ல் 2,387 பேரிடம் எடுத்து, கோஹனும் வில்லியம்சனும் 1988-ல் வெளியிட்ட பத்துக் கேள்விச் சராசரி 13.02. உங்கள் இளம்பிள்ளை எண் அதைவிடக் கூடுதல் என்பதால் இளம்பிள்ளைக்காரர்கள் அமெரிக்கர்களைவிடப் பாடுபடுகிறார்கள் என்று முடிவுகட்டாதீர்கள். மொழி வேறு, கேட்ட முறை வேறு, காலம் வேறு.

முறை பற்றிய பகுதியில் எந்த வடிவம், எந்தத் தமிழாக்கம், யார் வாசித்தது, எங்கே உட்கார்ந்து, எந்த நாளை எல்லையாக வைத்து, எந்த மாதத்தில் என்பதெல்லாம் இருக்கட்டும். டிசம்பரில் காப்பித் தோட்டத்தில் எடுத்த சராசரியையும், மே மாதக் கோடை விழா நேரத்தில் ஏற்காட்டு ஓட்டல் ஊழியர்களிடம் எடுத்த சராசரியையும் வேறு வழியில்லாமல் ஒரே அட்டவணையில் வைக்க நேர்ந்தால், மாதத்தை அடிக்குறிப்பில் ஒளிக்காமல் அட்டவணையின் தலைப்பிலேயே போடுங்கள்.